நரிவெங்காயம் நட்ட இடம்

"எடத்தைக் காட்டு தம்பி, சும்மா நின்னா எப்டி, டீசல் எரியுதுல்ல" என்று கரட்டை வழிக்க வந்த ஜேசிபிக்குள் உட்கார்ந்துகொண்டு டிரைவர் அருள் கத்துகிறான். எதைக் காட்ட? நாலு பூ நிற்கிற இடம்தான் என் தங்கச்சியைப் புதைத்த இடம், அதைத் தேடித்தான் விடிந்ததும் விடியாததுமாக இந்தக் கரட்டுக்கு ஏறி வந்தேன், வந்து பார்த்தால் நாலு இல்லை, சரிவு முழுக்கப் பூ. ஒவ்வொன்றும் இலையே இல்லாமல் ஒற்றை ஈர்க்குச்சி மாதிரி தரையிலிருந்து நட்டுக்கொண்டு நிற்கிறது, குச்சியைச் சுற்றிக் கத்திரிப்பூ கலரில் சின்னச் சின்னப் பூ, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. போன வாரம் பெய்த கோடை மழை பார்த்த வேலை இது. மழைக்கு முந்தி வந்திருந்தால் வெறும் கல்லும் முள்ளும்தான் இருந்திருக்கும், அப்போதும் கண்டுபிடித்திருக்க முடியாது, சரி, ஆனால் அது வேற. ஒன்றுமே இல்லாத இடத்தில் தேடிக் கிடைக்காமல் போவது வேற, எங்கே பார்த்தாலும் அதுவாகவே இருந்து எது என்று தெரியாமல் போவது வேற. இது ஆளைக் கிண்டல் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. "இரு, பாத்துட்டுதான இருக்கேன்" என்று நானும் கத்துகிறேன். "பாரு பாரு, நல்லாப் பாரு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிற" என்கிறான். அவனுக்கு என்னைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்றைக்குக் கல்லை எடுத்து அந்தக் கண்ணாடியில் விடலாமா என்றுதான் கை பரபரக்கிறது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதுதான் பிரச்சினை. யார்மேல் கோபமோ அவர்கள் யாரும் இங்கே இல்லை, இங்கே இருப்பது அவனும் நானும் இந்தப் பூவும்தான்.

எங்கள் ஊரில் பெரிய ஆள் செத்தால் எரிப்பார்கள், சின்னப்பிள்ளை செத்தால் இந்தக் கரட்டில் கொண்டுவந்து புதைப்பார்கள். முன்னால் இங்கே நரி இருந்ததாம். குழி ஆழமில்லை என்றால் மறுநாளே தோண்டிவிடுமாம். அதனால் குழியை மூடினதும் நாலு மூலைக்கும் நாலு நரிவெங்காயக் கிழங்கை ஊன்றிவிட்டு வருவார்கள், அதன் பூதான் இது. அந்தக் கிழங்கின் சாறு பட்டால் தோல் எரியும், நரி மோந்து பார்த்துவிட்டு ஓடிவிடும். ஆடு வாய் வைக்காது, மாடு வாய் வைக்காது, தண்ணி ஊற்ற வேண்டாம், பராமரிக்க வேண்டாம். என்ன வசதி பாருங்கள். பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வெங்காயத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம். சேனா உயிரோடு இருந்தபோது எந்த வெங்காயம் காவல் நின்றது? தேவசேனா என்று பேர், சேனா என்று கூப்பிடுவோம், அவள் என்னைப் பொம்மு என்று கூப்பிட வராமல் பொம்மை பொம்மை என்பாள். மூன்று வயசு. காய்ச்சல். கண்ணு பட்டிருச்சு என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள், வேப்பிலையால் தடவினார்கள், அப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட், அவர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வேனிலேயே கண் மேலே சொருகிவிட்டது. எனக்கு அப்போது எட்டு வயசு. நான் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டில் உட்கார வைத்தார்களே என்று சந்தோசமாக இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, எட்டு வயசு, முன்சீட்டு.

பொம்பளைகள் இங்கே வரக் கூடாது. கீழே பாதை பிரிகிற இடத்தில் ஒரு பொட்டுக்கல் இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. பெற்றவளாக இருந்தாலும் கல்லோடு சரி. அம்மா இந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. ஒன்பது வருசமாக அப்பா வாயால் சொன்னதுதான் அவளுக்கு இந்த இடம். நாலு மூலைக்கு நாலு, நல்ல திரட்சியான கிழங்கா பாத்து ஊனிருக்கேன், மேற்க தலை வச்சிருக்கு, பக்கத்துல ஒரு சூரைச்செடி. இதை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார், அம்மா எத்தனை தடவை கேட்டிருப்பாள். மே மாசம் வந்தால் ஆரம்பித்துவிடுவாள், "பூத்துருச்சாங்க?" என்பாள். "பூத்துருச்சு, நாலும் பூத்துருச்சு" என்பார் அப்பா. ஏதோ மகள் பத்தாவது பாஸ் பண்ணிவிட்ட மாதிரி அம்மா முகம் அப்படி ஆகும், எனக்குப் பார்க்கவே ஆத்திரமாக வரும், எழுந்து வெளியே போய்விடுவேன். முந்தாநாள் கரட்டைச் சமப்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதாலாவது சமாளிக்கலாம். உட்கார்ந்து யோசித்துவிட்டு, "பிடிமண் எடுத்துட்டு வந்துரு" என்றாள். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள் இல்லையா, அது. அது சாமிக்கு எடுக்கிறதும்மா என்றேன். "சாமிக்கு எடுத்தா சாமி வரும்னா எம்புள்ளைக்கு எடுத்தா எம்புள்ளை வராதா?" என்றாள். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த ஒரு துணியை நாலாக மடித்துக் கையில் கொடுத்தாள். "தலைமாட்டு மண்ணா எடு. கால்மாட்டு மண்ணு வேண்டாம்." கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் குழிகூட வெட்டி வைத்துவிட்டாள், அவளே, மண்வெட்டியை எடுத்து. இவ்வளவு வேலையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒனக்குத்தான் எடம் தெரியும்ல" என்றாள். தெரியும்மா என்றேன். தெரியும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

"ஏப்பா, சூப்பர்வைசர் போன் பண்றான், என்ன சொல்ல?" என்கிறான் அருள். செத்துட்டேன்னு சொல்லு என்கிறேன். "நல்ல வாய்டா ஒனக்கு" என்று சிரிக்கிறான். ஆனாலும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வருகிறான். சத்தம் நின்றதும் காது கொய்ய்ங் என்கிறது, பிறகு எங்கேயோ கௌதாரி கத்துவது கேட்கிறது. கீழே ரோட்டோரம் போர்டு வைத்திருக்கிறார்கள், பச்சைப் பெயின்டில், தரிசு நிலத்தை வனமாக்குவோம் என்று. எது தரிசு? உடை இருக்கிறது, காரை இருக்கிறது, சூரை இருக்கிறது, ஆவாரம் இருக்கிறது, நேற்றுக்கூட முயல் ஓடினதை முருங்கைத் தோட்டத்துக்காரன் பார்த்திருக்கிறான். இதையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டு வரிசையாகக் குழி வெட்டி மரக்கன்று நடப் போகிறார்களாம். போட்டோ எடுப்பார்கள். ஒரு வருசத்தில் கன்று கருகும், போர்டு நிற்கும். ரோடு போடுகிறேன் என்று வந்திருந்தால்கூட சண்டை போடலாம், கெட்டது பண்ண வந்தவனிடம் சண்டை போடலாம், நல்லது பண்ண வந்தவனிடம் என்னவென்று போடுவது? பஞ்சாயத்தில் போய் அப்பா கேட்டதற்கு, "பச்சப்புள்ளைங்க படுத்த எடத்துல மரம் வந்தா புண்ணியம்தானப்பா" என்று சொல்லி அனுப்பினார்களாம். அப்பாவும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அப்பா எப்போதும் தலையை ஆட்டிவிட்டு வருகிறவர். மில்லில் ஆட்டுவார், பஞ்சாயத்தில் ஆட்டுவார், நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாட்டர்வாஷ் கடைக்குப் போகிறேன் என்றபோதும் ஆட்டினார். ஒரு அறை விட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பேன் பள்ளிக்கூடத்துக்கு. அதுவும் பொய். போயிருக்க மாட்டேன்.

நாலு பூ எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கரட்டை ஒட்டித்தான் போவேன், ஒரு நாள் அப்பா சைக்கிளை நிறுத்தி அங்கிருந்தே கை நீட்டிக் காட்டினார், "அந்தா, அந்தச் சூரைக்குப் பக்கத்துல, நாலு, தெரியுதா?" தெரிந்தது. கட்டில் கால் மாதிரி நாலு. அதன்பிறகு ஒவ்வொரு மே மாசமும் பார்ப்பேன். லீவு என்றாலும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வந்து பார்ப்பேன். ஆடு அந்தப் பக்கம் போனால் கல் எறிவேன், ஆடு அதைத் தின்னாது என்று தெரியும், தெரிந்தும் எறிவேன். ஒரு வருசம் மழை முந்தி வந்து ஏப்ரலிலேயே பூத்திருந்தது, அப்போது டீச்சர் ஏதாவது பூ பிடுங்கி வாங்கடா, பாடம் நடத்தணும் என்றபோது இந்தப் பூவில் ஒன்றை, அந்த நாலில் இல்லை, சத்தியமாக அந்த நாலில் இல்லை, வேறு எங்கேயோ பாறை இடுக்கில் நின்றதைக் கொண்டுபோனேன். டீச்சருக்கு ஒரே சந்தோசம். "அடடே, இது லில்லி குடும்பம்டா, அழகா இருக்கு பாரு" என்று மேசையில் தண்ணி பாட்டிலில் சொருகி வைத்தார்கள். லில்லியாம். வகுப்பே லில்லி லில்லி என்றது, ஒருவன் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னான், சிரிப்பு. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எழுந்துபோய்ப் பூவை உருவி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். ஏன்டா என்று கேட்டார்கள். சொல்லவில்லை. முட்டி போட்டேன் மத்தியானம் வரைக்கும். அழகா இருக்குன்னு சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முள்ளாக இருந்து தொலைக்க வேண்டியதுதானே. எருக்கு மாதிரி இருந்து தொலைக்க வேண்டியதுதானே. பிள்ளைக் குழிமேல் நின்றுகொண்டு என்ன பூ வேண்டிக்கிடக்கிறது? ஒரு வருசம் நாலுக்குப் பக்கத்தில் அஞ்சாவதாக ஒன்று வந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நான் இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டேன், வாட்டர்வாஷ் கடை ரோட்டுப் பக்கம். அந்த இரண்டு மூன்று வருசத்தில் இது விதையைக் காற்றில் விட்டு, கிழங்குக்குப் பக்கத்தில் கிழங்கு போட்டு, கேட்பார் இல்லாமல் பெருகியிருக்கிறது. சூரைச்செடியாவது அடையாளம் என்று பார்த்தால் சூரையும் நாலைந்து இடத்தில் நிற்கிறது. எல்லாம் சேர்ந்து பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

"இதுவா இருக்குமோ, பாரு, ஒரு மாதிரி சதுரமா வருது" என்கிறான் அருள், ஒரு சூரைக்குப் பக்கத்தில் நின்று. போய்ப் பார்க்கிறேன். சதுரமாகத்தான் வருகிறது. இப்படிப் பார்த்தால் சதுரம், அப்படி நகர்ந்து நின்றால் வேறு இரண்டோடு சேர்ந்து இன்னொரு சதுரம். மண்டி போட்டு ஒரு குச்சியைச் சுற்றிக் கையாலேயே கீறுகிறேன். மழை குடித்த மண் மேலே பொதபொதவென்றும் கீழே கல்லாகவும் இருக்கிறது. கிழங்கு வருகிறது, உரித்த பெரிய வெங்காயம் மாதிரி வழவழவென்று, பக்கத்தில் ரெண்டு குட்டி. பழைய கிழங்கென்றால் பெரிதாக இருக்கும், குட்டியும் போட்டிருக்கும், அப்படித்தானே? அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் கீழே. கீழே என்ன இருக்கும்? ஒன்பது வருசத்துக்குப் பிறகு என்ன இருக்கும்? சின்னப்பிள்ளை எலும்பு கரைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், குருத்தெலும்பு, மண்ணோடு மண்ணாகிவிடும். யாரோ சொன்னது. கரையாமல் இருந்தால்? கையில் கறுப்பு வளையல் போட்டிருந்தாள், கண்ணாடி வளையல் கரையாது. விரல் நின்றுவிடுகிறது. கண்டுபிடிக்க வந்தவன் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்து உட்கார்ந்திருக்கிறேன், இதைவிடக் கேவலம் உண்டா? விரலிடுக்கில் அரிக்க ஆரம்பிக்கிறது. கிழங்குச் சாறு. மணிக்கட்டு வரை ஏறுகிறது, சொறியச் சொறியக் கூடுகிறது. நரி பாவம். "கையை வச்சுத் தோண்டாத, அரிக்கும்பாரு, தள்ளு, நான் பக்கெட்டால லேசா மேல் மண்ணை மட்டும் எடுத்துக் குடுக்கறேன், பூ மாதிரி எடுப்பேன், முட்டையை வச்சா ஒடையாம தூக்குவேன்" என்கிறான் அருள். "பக்கெட்டைக் கொண்டாந்தா பக்கெட்லயே உன்னைப் போட்டு மூடிருவேன்" என்று கத்துகிறேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி, உடைந்து, பொட்டையன் குரல் மாதிரி வருகிறது. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். இடுப்புத் துண்டை எடுத்துக் கொடுத்து, "தொடை" என்கிறான்.

துடைத்துக்கொண்டு நிமிரும்போதுதான் அது மண்டையில் ஏறுகிறது. இவ்வளவு நேரமும் என் நாலு எங்கே, என் நாலு எங்கே என்று தேடினேனே, மற்றதெல்லாம் என்ன? காற்றில் போன விதை என்றுதான் நினைத்தேன். எல்லாமே விதையா? ஊரில் எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும்தான் செத்ததா? அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒன்று இரண்டு போகும் என்பார்கள், அப்பாவுக்கே மேலே ஒரு அக்கா இருந்து போனதாகச் சொல்வார்கள், பேர்கூட யாருக்கும் தெரியாது. அதோ அந்தப் பாறைக்குக் கீழே நெருக்கமாக நிற்கிறதே, அது யார்? இந்தா, என் செருப்புக்குப் பக்கத்தில் ஒற்றையாக நிற்கிறதே? நாலில் மூன்று செத்து மிஞ்சினதா, இல்லை சும்மா வந்து விழுந்த விதையா? எதைக் கேட்பது, யாரைக் கேட்பது? சரிவு முழுக்கக் கத்திரிப்பூ கலரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கால் வைக்க இடம் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது, இவ்வளவு நேரம் இதன்மேல்தான் தொம் தொம்மென்று நடந்தேன். அருளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் காலைத் தூக்கிப் பக்கத்துக் கல்மேல் ஏறி நின்றுகொள்கிறான். "என்னடா, இது பூராவுமா?" என்கிறான். தெரியல என்கிறேன். "தெரியலைன்னா என்னடா அர்த்தம்? ஒரு ஓரம்னுல்ல சொல்லிக் கூட்டியாந்தாங்க. நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் பாதி வழிச்சுட்டேனேடா." அவன் வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறான், அதைத் திரும்பிப் பார்க்கிறான், அது அங்கேயே தொங்குகிறதா என்று. "தெரியலைன்னா தெரியலைதான்" என்று நான் எரிந்து விழுகிறேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எவ்வளவு நாக்கூசுகிறது.

சரி என்று அப்பாவுக்குப் போன் போடுகிறேன். மில்லில் போன் எடுக்க மாட்டார்கள், எடுத்துவிட்டார், வெளியே வந்து நிற்கிறார் போல, இரைச்சல் தூரத்தில் கேட்கிறது. எங்கப்பா, சூரைக்குக் கிழக்கயா மேற்கயா, பூ எல்லா எடத்துலயும் கெடக்கு, குழிகிட்ட வேற என்ன அடையாளம் இருந்துச்சு, கல்லு கில்லு ஏதாவது வச்சீங்களா என்று மூச்சு விடாமல் கேட்கிறேன். இரைச்சல் இன்னும் குறைகிறது, தள்ளி நடக்கிறார் போல. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், ஓடுகிறது. "அப்பா?" "எந்த மண்ணா இருந்தா என்னடா" என்கிறார். என்னது? "ஒரு பிடி அள்ளு. துணியில முடி. அம்மாகிட்ட குடு. தலைமாட்டு மண்ணுதானான்னு கேப்பா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அதோட விடு." எனக்குக் காது சூடாகிறது. நீங்கதான காட்டுனீங்க, நாலு, கட்டில் கால் மாதிரின்னு. "அங்க நாலு இருந்துச்சு, காட்டுனேன்." அப்படின்னா? "நான் குழிகிட்ட போகலடா பொம்மு. கீழ பொட்டுக்கல்லு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். அதுக்கு மேல காலு வரல. ஒங்க பெரியப்பாதான் வாங்கிட்டுப் போனாரு." பெரியப்பா செத்து அஞ்சு வருசம் ஆகிறது. பெரியப்பாகிட்ட கேட்டிருக்கலாம்ல? "கேக்கணும்னு நெனைச்சேன்." நினைத்தாராம். "ஒங்கம்மா வந்ததும் மொதக் கேள்வியா எத்தனை கெழங்கு ஊனுனீங்கன்னு கேட்டா. நாலுன்னு வந்துருச்சு வாயில. அப்புறம் எப்படிடா மாத்துறது?" ஒன்பது வருசம். ஒன்பது மே மாசம் பூத்துருச்சு பூத்துருச்சு என்று இந்த மனுசன் சொன்னது எவன் வீட்டுப் பூவோ. நான் கல் எறிந்து காவல் காத்தது எவள் பெற்றதையோ. "நீங்கள்லாம் ஒரு" என்று ஆரம்பிக்கிறேன், எந்தக் கெட்ட வார்த்தையும் பொருத்தமாக இல்லை. மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. அழுதால் விட்டுவிடுவேனா? "சொன்னதைச் செய்டா சாமி, அவ தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவ தாங்க மாட்டாளாம். யார் தாங்காதது? கல்வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து கால் வராமல் நின்றது யார்? எதையும் தாங்காத ஆள் அடுத்தவர் தாங்க மாட்டார் என்று முடிவு பண்ணுகிறார். சரி, ஒரு நிமிசம் அவர் பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லைதான், இருந்தாலும் பார்க்கிறேன். அள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அம்மா குழியில் போட்டு மூடுவாள், தண்ணி தெளிப்பாள், ஒரு விளக்கு வைப்பாள், சாப்பிடுவாள். முக்கியமாகச் சாப்பிடுவாள். மண்ணுக்கு என்ன தெரியும்? சேனாவே உயிரோடு இருந்தபோது சுவர் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தின்னுவாள், அம்மா வாய்க்குள் விரலை விட்டு நோண்டி எடுத்து முதுகில் ரெண்டு வைப்பாள், எந்த மண், எங்கத்த மண் என்றா அவள் பார்த்தாள்? குனிகிறேன். குனிந்து கையை விட்டு அள்ளியும் விட்டேன். ஒரு பிடி. ஈரம், சில்லென்று, உள்ளே ஒரு சின்னக் கல் குத்துகிறது. அள்ளினது பாறைக்கும் சூரைக்கும் நடுவில், பூவே இல்லாத இடத்தில், யாருடையதும் இல்லாத இடமாகப் பார்த்து. யாருடையதும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இது வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? எங்கள் கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை, அதற்குத் தினமும் விளக்கு, தினமும் சேனா சேனா என்று கூப்பிட்டுக்கொண்டு, அதற்கு அந்தப் பேர் தெரியாதே, எழுந்து உட்கார்ந்து இது யாருடா என்று பார்க்குமே. அடுத்த மே மாசம் அம்மா அப்பாவிடம் கேட்பதை விட்டுவிட்டு என்னிடம் கேட்பாள். நான் பூத்துருச்சு என்பேன். நானும் தலையை ஆட்டுவேன். அப்படியே முகம் எல்லாம் அப்பா மாதிரி ஆகி, அறுபது வயசில் எவனுக்காவது போனில், ஒரு பிடி அள்ளுடா சாமி.

"டேய், யாரோ பொம்பளை வருது பாரு" என்கிறான் அருள். பார்க்கிறேன். அம்மா. பொறுக்க முடியாமல் வந்துவிட்டாள். வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதையில் ஏறி வருகிறாள். பொட்டுக்கல்லுக்கு வந்ததும் நிற்கிறாள். நின்று நிமிர்ந்து பார்க்கிறாள், முதல் தடவையாக, சரிவு முழுக்கப் பூவை. என்ன நினைக்கிறாள் என்று இங்கிருந்து தெரியவில்லை. நாலு என்று சொன்னாரே, எங்கே நாலு என்று தேடுகிறாளோ. இல்லை இவ்வளவு பூவா என்று சந்தோசப்படுகிறாளோ, அப்படியும் படக்கூடியவள்தான். பிறகு கல்லை ஒரு பார்வை பார்க்கிறாள், ஊரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள், தாண்டிவிடுகிறாள். அவ்வளவுதான். ஒரு அடி. அப்பாவுக்கு வராத கால். பூவை மிதிக்காமல் வளைந்து வளைந்து வருகிறாள், என்னைப் பார்த்தபடியே, என் முகத்தை இல்லை, என் கையை. மூடியிருக்கிற கையை. "கெடைச்சிருச்சா பொம்மு?" என்கிறாள், மூச்சு வாங்குகிறது, கண் இரண்டும் அப்படி விரிந்து, எனக்கு ஓடிவிடலாம் போல இருக்கிறது, கீழே இறங்கி ரோட்டைத் தாண்டி வாட்டர்வாஷ் கடையைத் தாண்டி எங்கேயாவது. அருள் கல்மேல் நின்றபடி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறான், அவனுக்கு என்ன வந்தது. அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள். கை இரண்டையும் சேர்த்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி, எனக்கு முன்னால் ஏந்துகிறாள். "தலைமாட்டு மண்ணுதான?" என்கிறாள். ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார் அப்பா. நான் சொல்லவில்லை.